விசா இல்லாத முப்பது நாளும் தங்கையின் இரண்டாவது முழங்காலும்

நான் மலேசியாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாளே என் பெட்டி கிளம்பிவிட்டது. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சரின் கூடம் வரைக்கும்.

விமானம் திங்கட்கிழமை. திங்கட்கிழமை கிழக்கே சூலம். மலேசியா கிழக்கில்தான் இருக்கிறது என்பதை என் கணவர் போனில் வரைபடத்தைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, சந்தேகமறத் தெரிந்துகொண்டார். பாலங்கள் கட்டிய என்ஜினீயர் அவர். சிமெண்டையும் கம்பியையும்விடப் பஞ்சாங்கத்தைக் கொஞ்சம் கூடுதலாக நம்புவார். டிக்கெட்டை மாற்றினால் பாதிப் பணம் போய்விடும் என்றதும் அவர் கண்டுபிடித்த வழிதான் பரஸ்தானம். பயண நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வருகிற நல்ல நேரத்தில் பயணச் சாமானில் ஒன்றைக் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். அந்த நிமிஷமே நாம் கிளம்பிவிட்டதாக அர்த்தம். அதற்கப்புறம் எந்தச் சூலமும் நம்மை ஒன்றும் செய்யாது.

ஸ்டெல்லா டீச்சர் பெட்டியை வாங்கி இயேசு படத்துக்குக் கீழே மரியாதையாக வைத்தார். எனக்குக் காபி கொடுத்தார்.

"அப்போ நீங்க இப்ப ஊர்ல இல்ல?" என்று கேட்டார்.

"இல்ல. கிளம்பியாச்சு."

"அப்போ என் வீட்டு சோபால உக்காந்து காபி குடிக்கிறது யாரு?"

"அது மிச்சம்" என்றேன். இருவரும் புரையேறும் அளவுக்குச் சிரித்தோம். நம்மிடம் இருக்கிற ஒரு பொருள் வாசல் தாண்டினாலே நாம் போய்விட்டதாக ஆகிவிடும் என்ற இந்த நியாயம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிடித்ததுதான் வினையாகவும் முடிந்தது.

நான் போனது என் தங்கை சுமதிக்காக. கல்யாணமாகி சுங்கைப் பட்டாணிக்குப் போனவள் அங்கேயே வேர்விட்டு, அந்த ஊர்க்காரியாகிவிட்டாள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே பிள்ளை ஆஸ்திரேலியாவில். வருஷக் கடைசியில்தான் லீவு கிடைக்கும் என்றான். அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், முதலில் வலது காலை மாற்றுவது, அது தேறியதும் இரண்டு மாதம் போல் விட்டு இடது காலை மாற்றுவது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சின்ன வயதில் தடுப்பூசி போடுகிறவர் தெருமுனையில் வந்தாலே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிறவள் அவள். "நீ இருந்தாத்தான்கா அந்த ஆபரேஷன் மேஜை மேல படுப்பேன். ரெண்டு காலுக்கும் நீ இருக்கணும்" என்று போனில் அழுதாள். இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இந்தியர்களுக்கு இப்போது மலேசியா போக விசா வேண்டாம். முப்பது நாள் வரை இருக்கலாம். எனக்கு வேண்டியதோ இரண்டு மாதம். இந்தச் சிக்கலை எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் முரளி சார் ஒரே நிமிஷத்தில் தீர்த்துவைத்தார்.

"மேடம், இதெல்லாம் ஒரு மேட்டரே இல்ல. முப்பது நாள் முடியறதுக்குள்ள ஒருநாள் தாய்லாந்து பார்டர் தாண்டுங்க. லஞ்ச் சாப்டுங்க. திரும்ப உள்ள வாங்க. அவ்ளோதான், மீட்டர் ஜீரோ. ஆட்டோ மீட்டர் மாதிரி."

"தாம்பரத்துல எந்த ஆட்டோல சார் மீட்டர் பார்த்தீங்க?" என்றார் ஸ்டெல்லா டீச்சர். அந்த நல்ல புத்தியை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பெட்டி எதிர்வீட்டுக்குப் போனாலே நான் ஊரைவிட்டுப் போனதாக ஆகுமென்றால், நானே முழுசாக அடுத்த நாட்டுக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டு வந்தால் ஆகாதா என்ன? திட்டம் எனக்குக் கச்சிதமாகத் தெரிந்தது.

பினாங்கு விமான நிலையத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முப்பது நாள் கொடுத்தார்கள். "இறங்கின நாளும் சேர்த்திதான்கா" என்று காரில் ஏறும்போதே சுமதி எச்சரித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் காரை ஓட்ட, பாலத்தின்மேல் கடலைப் பார்த்துக்கொண்டே போனோம். சுமதி ஒவ்வொரு குலுக்கலுக்கும் "அம்மா" என்றாள். வேளச்சேரி சாலையில் போய்ப் பழகிய எனக்கு அது குலுக்கலாகவே தெரியவில்லை.

முதல் இரண்டு நாள் ஊர் பார்த்தேன். காலையில் ரொட்டி சானாய். நம் பரோட்டாவின் தூரத்துச் சொந்தம் என்று பார்த்தாலே தெரியும். ஆனால் கொஞ்சம் இளைத்து, நாகரிகமாகிவிட்டிருந்தது. ஊற்றுகிற குழம்புக்குப் பெயர் டால்ச்சா. டீயை ஒரு முழம் உயரத்திலிருந்து ஆற்றுகிறார்கள். அதைத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டு டீ மாஸ்டர் பார்த்தால் இன்னும் ஒரு முழம் ஏற்றிக் காட்டுவார். இனிப்பு மட்டும் தாங்கவில்லை. "குராங் மானிஸ்" என்று சொன்னால் சர்க்கரையைக் குறைப்பார்கள் என்று சுமதி சொல்லிக்கொடுத்தாள். நான் சொன்ன விதத்தில் கடைக்காரருக்கு என்ன புரிந்ததோ, ரொட்டியில் முட்டை ஒன்று சேர்த்துக் கொண்டுவந்தார். நன்றாகத்தான் இருந்தது, சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் அறுவை சிகிச்சை. உள்ளே தள்ளிக்கொண்டுபோகும் கதவு வரைக்கும் என் கையை விடவில்லை சுமதி. அவள் நகம் பதிந்த இடம் மாலை வரை சிவந்திருந்தது. பக்கத்தில் காத்திருந்த மலாய்க் குடும்பத்தில் ஒரு பெரிய அம்மாள் தன் மகளிடம் ஏதோ சொல்ல, அந்தப் பெண் வந்து எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: "உங்களுக்கும் சேர்த்துத் தொழுதுவிட்டதாக அம்மா சொல்கிறார். கவலைப்படாமல் இதைச் சாப்பிடுவீர்களாம்." வாழையிலையில் பொதிந்த நாசி லெமாக். தேங்காய்ப்பால் சோறும் நெத்திலியும். முகம் தெரியாத எனக்காக ஒருத்தி வேண்டிக்கொண்டிருக்கிறாளே என்று நினைத்தபடி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். நெத்திலியும் அருமை.

காலை மாற்றி வீட்டுக்கு வந்தபிறகு அக்கா என்ற பதவியை நான் முழுமூச்சாக ஏற்றுக்கொண்டேன். முப்பது வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தை நிர்வாகம் செய்தவள் நான். ஒரு முழங்காலை நிர்வாகம் செய்ய முடியாதா? கேட்பதற்கு முன்னால் தண்ணீர். கூப்பிடுவதற்கு முன்னால் காபி. டி.வி. ரிமோட், கண்ணாடி, தைலம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி கொடுக்க நூருல் என்ற பெண் வருவாள். ஒருநாள் அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "நீங்கள் இருக்கும்போது இவர் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் குடிப்பதில்லை."

"அவளுக்கு எதுக்கும்மா சிரமம்?" என்றேன் பெருமையாக. நூருல் சுமதியைப் பார்த்தாள். சுமதி டி.வி.யைப் பார்த்தாள்.

இப்படியே நாள் ஓடி, முப்பது நாளின் விளிம்புக்கு வந்துவிட்டேன். முரளி சாரின் திட்டத்தை நிறைவேற்ற வேண்டிய காலை. பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சுமதிக்குத் துணைக்கு வைத்துவிட்டு, தாய்லாந்தின் ஹாட்யாய் ஊருக்குப் போகும் வேனில் ஏறினேன். கைப்பை ஒன்றுதான். சாயங்காலம் திரும்பிவிடுவேனே.

என் பக்கத்தில் ஒரு சீனப் பெண்மணி. என் வயதுதான் இருக்கும். வேனின் ஏ.சி. எங்கள் இருவர் தலையிலும் சமமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எனக்கும் ஒன்று நீட்டினார். அப்படியே இரண்டு பேரும் எல்லை வரை போனோம். ஆங்கிலமும் கைஜாடையுமாகப் பேசியதில் அவர் மகள் ஹாட்யாயில் இருக்கிறாள், ஒரு நடை பார்த்துவிட்டுச் சாயங்காலமே திரும்புகிறார் என்பதும், என் தங்கையின் கால் கதையும் பரிமாறப்பட்டன.

தாய்லாந்து எல்லையில் சிரித்து உள்ளே விட்டார்கள். கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனது. ஒரு மணி நேரம் இலவசமாகக் கிடைத்ததே என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன். ஹாட்யாய் சந்தையில் காய்ந்த மாம்பழம், முந்திரி, நெத்திலி என்று ஒரே வாசனை. கோவளத்தில் படகு வந்ததும் மணலில் மீனைக் கொட்டி விலை கூவுவார்களே, அதே சத்தம், அதே சண்டை, பாஷை மட்டும் வேறு. ஒரு மீன்காரி பக்கத்துக் கடைக்காரியிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தாள். சீனப் பெண்மணியிடம் கேட்டேன். "இந்தியப் பெண்கள் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கவே மாட்டார்கள் என்கிறாள்" என்று மொழிபெயர்த்தார். அப்போது என் விரல் ஒரு மீனின் செவுளில்தான் இருந்தது. வாங்குகிற உத்தேசம்கூட இல்லை. பழக்கதோஷம்.

மதியம் மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறும் வாங்கி, இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். மாம்பழத்தைச் சோற்றோடு தின்பது எனக்குப் புதிதில்லை. உப்பு போட்ட தேங்காய்ப்பால்தான் புதிது. முரளி சாருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

திரும்புகிற வழியில் டிரைவர் எல்லோரையும் பார்த்துக் கேட்டார், மலேசியாவுக்குள் நுழைவதற்கான டிஜிட்டல் அட்டையைப் போனில் பதிந்தாயிற்றா என்று. போன மாதமே பதிந்தேனே என்றேன். ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் புதிதாகப் பதிய வேண்டும் என்றார். வேன் குலுங்கக் குலுங்க, சீனப் பெண்மணி என் போனை வாங்கிப் பதிந்து கொடுத்தார். போன முறை வந்ததற்கும் இப்போது வருவதற்கும் சம்பந்தமே இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டு வாங்குகிற அனுமதி என்பது அப்போதே உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைக்கவில்லை.

மலேசிய எல்லைக் கவுன்ட்டரில் தலையில் முக்காடு போட்ட இளம் அதிகாரி. பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.

"எப்போது மலேசியாவிலிருந்து வெளியே போனீர்கள்?"

"காலையில்."

"எந்தக் காலையில்?"

"இன்று காலையில்."

"எதற்காகப் போனீர்கள்?"

இவ்வளவு நேரான கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. சுற்றிப்பார்க்க என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "திரும்பி வருவதற்காக" என்றேன்.

அவர் என்னை ஒரு பெஞ்சைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எங்கள் வேன் ஆட்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். சீனப் பெண்மணி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அந்த பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. உள்ளே விடாவிட்டால்? அந்தப் பக்கம் தாய்லாந்து, இந்தப் பக்கம் வீட்டில் நடக்க முடியாத தங்கை, கையில் ஒரு கைப்பையும் ஒரு பொட்டலம் காய்ந்த மாம்பழமும். இடது காலுக்கு நான் இல்லாமல் போய்விடுவேனோ? பள்ளிக்கூடத்தில் காலையில் கையெழுத்தைப் போட்டுவிட்டு நைசாகக் கழன்றுகொள்கிற வாத்தியார்களைப் பிடிப்பதில் நான் பேர் வாங்கியவள். பிடிபட்டவர்கள் என் அறை வாசல் பெஞ்சில் எப்படி உட்கார்ந்திருப்பார்களோ, அதே மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கண்ணாடி போட்ட மேலதிகாரி ஒருவர் வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ரொம்பப் பொறுமையாகப் பேசினார். தங்கை, முழங்கால், இரண்டாவது முழங்கால், முரளி சார் எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவமனை கொடுத்த சீட்டைப் போனில் காட்டினேன். கூடவே, எங்கள் ஊரில் பெட்டியைப் பக்கத்து வீட்டில் வைத்தாலே பயணம் கிளம்பியதாக ஆகிவிடும் என்பதையும் பதற்றத்தில் உளறிவிட்டேன். அவர் அதை இரண்டு முறை கேட்டுப் புரிந்துகொண்டார்.

"நல்ல வழக்கம்" என்றார். "ஆனால் நீங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறீர்கள். அதை வீட்டுக்குப் போய் வந்ததாக நாங்கள் எடுத்துக்கொள்ள முடியாது. முப்பது நாள் என்பது நாங்கள் அதிகபட்சம் தரக்கூடியது. தந்தே ஆகவேண்டியது இல்லை. ஒவ்வொரு முறையும் வாசலில் நிற்கிற அதிகாரி பார்த்து முடிவு செய்வார். விருந்தாளி என்றால் அவருக்குத் திரும்பிப்போக ஒரு வீடு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்."

பிறகு அவர் கேட்டார், இரண்டாவது அறுவை சிகிச்சை எப்போது என்று. சொன்னேன். "இன்றைக்கு நான் முப்பது நாளும் கொடுத்தால், அறுவை சிகிச்சை முடிந்து எத்தனை நாள் அவரோடு இருப்பீர்கள்?"

விரலை மடக்கிப் பார்த்தேன். அதிகம் போனால் மூன்று நாள். கட்டுப் பிரிப்பதற்கு முன்னால் நான் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். இவ்வளவு கச்சிதமான திட்டத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா வேண்டும் என்று அவள் கேட்ட நாட்களை விட்டுவிட்டு, டி.வி. பார்க்கிற நாட்களுக்கெல்லாம் நான் காவல் இருக்கப் பார்த்திருக்கிறேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஏழு நாள் தருகிறேன்" என்றார் அவர். "உண்மையைச் சொன்னதால் தருகிறேன். ஊருக்குப் போங்கள். உங்கள் வீட்டில் ஒழுங்காக இருங்கள். சிகிச்சை நெருங்கும்போது திரும்பும் டிக்கெட்டோடும் மருத்துவமனைச் சீட்டோடும் நேராக வாருங்கள். அப்போதும் உள்ளே விடுவது அன்றைக்கு நிற்கிற அதிகாரியின் முடிவுதான். நான் உறுதி சொல்ல முடியாது."

எழுந்து கும்பிட்டேன். அவர் மார்பில் கைவைத்துத் தலையசைத்தார். திருப்பி அனுப்பியிருக்க முடியும் அவரால். அனுப்பவில்லை. அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் நெஞ்சு குளிர்கிறது.

வெளியே வந்தால் வேன் போயிருக்கும், வேறு வண்டி பிடிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். வேன் நின்றுகொண்டிருந்தது. சீனப் பெண்மணி கதவோரம் உட்கார்ந்து ஒரு காலை வெளியே தொங்கப்போட்டிருந்தார். காலை உள்ளே எடுத்தால்தான் கதவு மூடும், கதவு மூடினால்தான் வண்டி கிளம்பும் என்று டிரைவரிடம் சண்டை போட்டபடி அவ்வளவு நேரமும் அப்படியே இருந்தாராம். என்னைப் பார்த்ததும் காலை உள்ளே இழுத்துக்கொண்டு, "தங்கைக்குச் சரிதானே?" என்று மட்டும் கேட்டார். அவர் பேரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் சுமதி ஓவென்று அழுதாள். "நீ வரமாட்டே. உன்னை விடமாட்டாங்க. எனக்கு இந்த ஒரு கால் போதும்" என்றாள். அந்த ஏழு நாளும் அவளைத் தேற்றுவதிலேயே போயிற்று.

ராஜகீழ்ப்பாக்கம் வந்து இறங்கினேன். வாசலில் கணவர் நின்றிருந்தார், இரண்டு சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு. சமையலறையில் அவர் கண்டுபிடித்திருந்த ரசம், பாலம் கட்டுகிற கலவை பதத்தில் இருந்தது. நான் இல்லாத மாதத்தில் அவர் இளைத்திருந்தார். போனில் தினமும் "இங்க எல்லாம் சூப்பர்" என்றவர்தான். விருந்தாளிக்குத் திரும்பிப்போக ஒரு வீடு இருக்க வேண்டும் என்று அந்த அதிகாரி சொன்னதை நினைத்துக்கொண்டே ரசத்தைக் கரைத்துச் சரி செய்தேன்.

முரளி சாரிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்படியா? என் மச்சானுக்கு விட்டாங்களே மேடம்" என்றார். விட்டிருப்பார்கள். ஒருத்தரை விட்டது இன்னொருத்தருக்கு உத்தரவாதம் இல்லை, நாட்டுக்கு நாடு கணக்கும் வேறு, சில நாடுகள் வருஷத்துக்கு மொத்தம் இவ்வளவு என்றுகூட எல்லை வைத்திருக்கின்றன என்று சங்கக் கூட்டத்தில் நானே எழுந்து பேசினேன். கிளம்புவதற்கு முன்னால் அந்தந்த நாட்டு அரசின் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள், செயலாளரைப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள் என்றேன். முரளி சாரும் சேர்ந்துதான் கைதட்டினார். தங்கமான மனிதர்.

கணவர் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். மின்சார ரயிலில் போனோம். தொழிற்சாலைப் பையன்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றபடியே தூங்கினார்கள். ஒருவன் எழுந்து எனக்கு இடம் கொடுத்தான். குகைக்குள் இருக்கும் நரசிம்மரைச் சுற்ற வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். கல் குத்தக் குத்தச் சுற்றினோம். நான் சுமதியின் இடது காலுக்கும், மலேசிய விமான நிலையத்தில் அன்றைக்கு யார் நிற்பார்களோ அந்த முகம் தெரியாத அதிகாரிக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன்.

சுமதி தினமும் வீடியோவில் வருவாள். ஆனால் போனை எங்காவது சாய்த்து வைத்துவிடுவாள். எனக்குக் கூரையும் மின்விசிறியும்தான் தெரியும். பின்னால் பாத்திரம் உருளும், குழாய் ஓடும். "யாருடி வீட்ல?" என்றால் "யாருமில்லக்கா" என்பாள். எனக்குக் கவலையாக இருக்கும்.

சிகிச்சைக்கு நான்கு நாள் முன்னால் இறங்குவது போல் டிக்கெட். திரும்புவதற்கும் டிக்கெட், முப்பது நாளின் கடைசி விளிம்பில். இந்த முறை கணவர் சூலம், ராகுகாலம் எதையும் பார்க்கவில்லை. "டாக்டர் நாள் குறிச்சுட்டார். அதுக்கு மேல என்ன?" என்று விமான நிலையத்துக்குக் கூடவே வந்து வழியனுப்பினார்.

பினாங்கில் வரிசை நகர நகர, மருத்துவமனைச் சீட்டையும் டிக்கெட்டையும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பாஸ்போர்ட்டை வாங்கிய இளைஞர் பழைய முத்திரைகளைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். கேட்பதற்கு முன்னால் நானே சீட்டுகளை நீட்டினேன். படித்துவிட்டு, "இந்த முறை வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறீர்கள்" என்றார். "ஆமாம் சார், ஒழுங்காகப் போய்விட்டு வந்திருக்கிறேன்" என்றேன். முப்பது நாள் கொடுத்தார். அவர் அம்மாவுக்கு என் வயதிருக்கும். நல்ல பிள்ளை பெற்றிருக்கிறாள் என்று மனதார வாழ்த்தினேன்.

வெளியே சுமதி நின்றிருந்தாள். நாற்காலியில் இல்லை, யார் தோளையும் பிடித்துக்கொண்டும் இல்லை. ஒரு கையில் மெல்லிய தடி. இன்னொரு கை என்னைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் என்னை நோக்கி நடந்து வந்தாள். இடது கால்தான் இழுத்தது. வலது கால் பிரமாதமாக நடந்தது.

"எப்படிடி?" என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"நீ போனதுக்கப்புறம் காபி யார் போடுவா? எழுந்து போய்ப் போட்டேன். அப்புறம் பாத்திரம் யார் கழுவுவா? அதுவும் ஆச்சு. நூருல் சொன்னா, இதைத்தான் நான் முதல்லேருந்து கேட்டுக்கிட்டிருந்தேன்னு. எனக்குத்தான் உன்கிட்ட சொல்ல பயம்கா." சிரித்தாள். "எத்தனை நாள் கொடுத்தாங்க?"

"முப்பது" என்றேன். "முழுசா."

அதற்கு அவள் பதிலை நான்கு நாள் கழித்து மருத்துவமனையில், அந்தக் கதவுக்கு முன்னால், என் கையைப் பிடித்துக்கொண்டபோதுதான் சொன்னாள். இந்த முறை நகம் பதியவில்லை.

"கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இரு அக்கா. அதுக்கப்புறம் நீ கிளம்பு. மாமா அங்க தனியா இருக்காரு. மேஜை மேல படுக்கத்தான்கா நீ வேணும். எழுந்திரிக்க நானே எழுந்துப்பேன்."

கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன். கதவு மூடியபிறகு அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கோபப்பட்டேன், கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் எழுந்துபோய் டீ குடித்தேன். அவளை உருளைக் கட்டிலில் வெளியே கொண்டுவந்தபோது, அரை மயக்கத்தில் "அக்கா" என்றாள். நான் அங்கேதான் இருந்தேன். கொடுத்த வாக்கு அவ்வளவுதானே.

கட்டுப் பிரித்த மறுநாள் கணவருக்குப் போன் செய்து டிக்கெட்டை முன்னால் போடச் சொன்னேன். "பணம் பிடிப்பாங்களே" என்றார். அடுத்த நிமிஷமே மாற்றிவிட்டதாகத் தகவல் அனுப்பினார்.

கிளம்பும்போது கவுன்ட்டரில் ஒரு பெண் அதிகாரி. பாஸ்போர்ட்டைப் பார்த்தவர், ஏதோ தப்பாகிவிட்டதோ என்பது போல் நிமிர்ந்தார்.

"உங்களுக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறதே?"

"நீங்கள் கொடுத்தது முப்பது" என்றேன். "என் தங்கை கொடுத்தது இவ்வளவுதான்."